ஐ.சி.யூ-வில் டயாலிசிஸ் என்றால் ஆயுள் முழுக்க டயாலிசிஸா? கையெழுத்து போடும் முன் குடும்பத்தினர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஐ.சி.யூ வாசலில் காத்திருக்கும் குடும்பங்களை அதிகம் பயமுறுத்தும் வார்த்தைகளில் ஒன்று 'டயாலிசிஸ்'.

நிமோனியா என்று சேர்த்திருப்பார்கள். மூச்சுத் திணறலுக்கு வென்டிலேட்டர் வைத்திருப்பார்கள். இரண்டு நாள் கழித்து டியூட்டி டாக்டர் வெளியே வந்து, "யூரின் சரியா வரல. கிரியேட்டினின் ஏறிக்கிட்டே போகுது. டயாலிசிஸ் தேவைப்படலாம், கன்சென்ட் ஃபார்ம்ல கையெழுத்து போடுங்க" என்பார்.

பேனாவைக் கையில் வாங்கியவருக்கு வரிசையாகக் கேள்விகள் எழும். காய்ச்சலுக்குத்தானே சேர்த்தோம், கிட்னி எப்படிப் போச்சு? ஒரு தடவை பண்ணிட்டா ஆயுசு முழுக்கப் பண்ணணுமா? நேத்தே பண்ணியிருந்தா நல்லா ஆகியிருக்குமா? இவ்வளவு வீக்கா இருக்கிறவங்க உடம்பு இதைத் தாங்குமா?

இந்தக் கேள்விகள் எல்லாமே நியாயமானவை. இவற்றில் சிலவற்றுக்குப் பதில் தேடி, கடந்த 20 ஆண்டுகளில் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான ஐ.சி.யூ நோயாளிகளிடம் ஆய்வுகள் நடந்துள்ளன. அவை என்ன சொல்கின்றன? ஐ.சி.யூ டயாலிசிஸ் எப்படி நடக்கிறது? எளிமையாகப் பார்க்கலாம்.

காய்ச்சலுக்குச் சேர்த்தால் கிட்னி ஏன் நிற்கிறது?

ஒருவருக்குச் சர்க்கரை நோயாலோ ரத்தக் கொதிப்பாலோ வருடக்கணக்கில் கிட்னி கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவது நாள்பட்ட சிறுநீரக நோய். வாரம் இரண்டு, மூன்று முறை டயாலிசிஸ் சென்டருக்குப் போய் வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இருப்பது இதுதான்.

ஐ.சி.யூ-வில் நடப்பது வேறு. அங்கே சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கிட்னியின் வேலை திடீரெனக் குறைகிறது. இதற்குத் திடீர் சிறுநீரக பாதிப்பு என்று பெயர். நேற்று வரை நன்றாக இருந்த கிட்னிக்கும் இது வரலாம்.

முக்கியமான காரணம் செப்சிஸ். நுரையீரலிலோ, வயிற்றிலோ, சிறுநீர்ப் பாதையிலோ தொடங்கிய கிருமித் தொற்றுக்கு உடம்பு கட்டுப்பாடில்லாமல் எதிர்வினை காட்டும்போது, தொற்றே இல்லாத உறுப்புகளும் அடி வாங்கும். ரத்த அழுத்தம் விழும். கிட்னிக்குள் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்களில் ஓட்டம் குலையும். வடிகட்டும் வேலை நின்றுபோகும்.

பெரிய ஆபரேஷன், விபத்தில் அதிக ரத்த இழப்பு, மாரடைப்பால் இதயம் பலவீனமாவது, கல்லீரல் செயலிழப்பு, சில மருந்துகள் என வேறு காரணங்களும் உண்டு. தமிழ்நாடு போன்ற பகுதிகளில் எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ், கண்ணாடி விரியன் கடி ஆகியவையும் திடீர் சிறுநீரக பாதிப்பை உண்டாக்குகின்றன.

இது அரிதான ஒன்றல்ல. 33 நாடுகளில் 97 ஐ.சி.யூ-க்களில் நடந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், 1,802 நோயாளிகளில் 57 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தப் பாதிப்பு இருந்தது. ஆனால் டயாலிசிஸ் வரை போனவர்கள் 13.5 சதவீதம் பேர்தான். அதாவது கிட்னி பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் டயாலிசிஸ் தேவைப்படுவதில்லை.

'உப்பு ஏறிடுச்சு' என்றால் என்ன?

"ரத்தத்துல உப்பு கூடிடுச்சு" என்று ஊர்ப்பக்கம் சொல்வது யூரியாவையும் கிரியேட்டினினையும்தான். இது சமையல் உப்பு அல்ல. புரதமும் தசையும் பயன்படும்போது உருவாகும் கழிவுகள் இவை. கிட்னி வேலை செய்தால் சிறுநீரில் வெளியேறும். செய்யாவிட்டால் ரத்தத்திலேயே தேங்கும்.

மருத்துவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்கிறார்கள். ஒன்று கிரியேட்டினின். அது 48 மணி நேரத்துக்குள் 0.3 மில்லிகிராம் கூடினாலோ, 7 நாட்களுக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்கு ஆனாலோ, திடீர் பாதிப்பு என்று கணக்கு.

இன்னொன்று சிறுநீரின் அளவு. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லிக்குக் கீழே 6 மணி நேரம் தொடர்ந்து இருந்தால் அதுவும் பாதிப்பின் அடையாளம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது மணிக்கு 30 மில்லி. கட்டிலின் ஓரத்தில் தொங்கும் யூரின் பையை நர்ஸ் மணிக்கொரு முறை பார்த்து எழுதுவது இதற்காகத்தான்.

எப்போது டயாலிசிஸைத் தள்ளிப்போட முடியாது?

கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்த்து டயாலிசிஸ் முடிவு செய்வதில்லை. '5-ஐத் தாண்டினால் டயாலிசிஸ்' என்பது போன்ற ஒரே கோடு கிடையாது. உடனே செய்தாக வேண்டிய சூழ்நிலைகள் இவை:

1. பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறி, மருந்துக்கும் இறங்காமல் இருப்பது. இயல்பாக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தடுமாறலாம், இதயம் நின்றும் போகலாம்.

2. ரத்தத்தில் அமிலத்தன்மை கடுமையாகக் கூடுவது. இயல்பான பி.ஹெச் 7.35 முதல் 7.45. அது 7.15-க்குக் கீழே இறங்கி, மற்ற சிகிச்சையிலும் சரியாகாவிட்டால் டயாலிசிஸ் யோசிக்கப்படும்.

3. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுவதும், சிறுநீர் பிரிய வைக்கும் ஊசிக்கும் நீர் இறங்காமல் இருப்பதும்.

4. யூரியா மிக அதிகமாகி, குழப்பம், மயக்கம், வலிப்பு வருவது, அல்லது இதயத்தைச் சுற்றியுள்ள உறை வீங்குவது.

5. டயாலிசிஸால் வெளியே எடுக்கக்கூடிய விஷம் உடலில் இருப்பது.

இதில் ஐந்தாவது, கிட்னி நன்றாக இருப்பவருக்கும் பொருந்தும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சாராயத்தில் இருந்தது மெத்தனால். அது உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் பார்வையையும் உயிரையும் பறிக்கும். மாற்று மருந்து கொடுப்பதோடு, மெத்தனாலையும் அந்த அமிலத்தையும் ரத்தத்திலிருந்து நேரடியாக எடுக்க டயாலிசிஸ் உதவும். அங்கே காத்திருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் எல்லா விஷத்துக்கும் இது பொருந்தாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியைக் குடித்தவர்களுக்கு விஷம் சீக்கிரமே நுரையீரல் திசுவுக்குள் போய்விடும். கிட்னியின் வேலையை மெஷின் செய்தாலும், நுரையீரலுக்குள் போனதை அதால் வெளியே இழுக்க முடியாது.

'சீக்கிரமே ஆரம்பிச்சா நல்லதுதானே?'

குடும்பத்தினர் மட்டுமல்ல, மருத்துவர்களும் பல ஆண்டுகள் இப்படித்தான் நினைத்தார்கள். கழிவு தேங்கி உடல் கெடும் முன் சுத்தம் செய்துவிடுவது நல்லது என்பது கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது.

2016-ல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் ஒரே மருத்துவமனையில் 231 பேரிடம் நடந்த ஆய்வு, முன்கூட்டியே தொடங்கினால் உயிரிழப்பு குறைவதாகச் சொன்னது. அதே ஆண்டு பிரான்ஸில் 31 ஐ.சி.யூ-க்களில் 620 பேரிடம் நடந்த ஆய்வு வேறு முடிவைத் தந்தது. உடனே தொடங்கியவர்கள், அவசரக் காரணம் வரும் வரை காத்திருந்தவர்கள் என்ற இரு பிரிவிலும் 60 நாட்களில் உயிரிழப்பு ஏறக்குறைய ஒரே அளவு, அதாவது கிட்டத்தட்டப் பாதிப் பேர்.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. காத்திருந்த பிரிவில் 49 சதவீதம் பேருக்கு டயாலிசிஸே தேவைப்படவில்லை. உடனே தொடங்கிய பிரிவில் குழாய் வழியாக வரும் ரத்தத் தொற்று இரண்டு மடங்காக இருந்தது. ஒரு பிரிவில் 10 சதவீதம், மற்றதில் 5 சதவீதம்.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டவே மிகப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 15 நாடுகள், 168 மருத்துவமனைகள், சுமார் 3,000 நோயாளிகள். 2020-ல் முடிவு வெளியானது. முன்கூட்டியே தொடங்கியவர்களில் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 43.9 சதவீதம். காத்திருந்து, தேவைப்பட்டபோது மட்டும் செய்தவர்களில் 43.7 சதவீதம். வித்தியாசமே இல்லை எனலாம்.

இன்னொரு கணக்குதான் மருத்துவர்களை யோசிக்க வைத்தது. பிழைத்தவர்களில், 90 நாளிலும் டயாலிசிஸை நம்பியிருந்தவர்கள் முன்கூட்டியே தொடங்கிய பிரிவில் 10.4 சதவீதம், காத்திருந்த பிரிவில் 6 சதவீதம். தேவையில்லாமல் சீக்கிரம் தொடங்குவது, கிட்னி தானாக மீண்டு வருவதைத் தடுக்கக்கூடும் என்ற சந்தேகத்தை இது எழுப்பியது. டயாலிசிஸ் நேரத்தில் ரத்த அழுத்தம் விழுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

அப்படியானால் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருக்கலாமா? அதுவும் கூடாது. 2021-ல் பிரான்ஸில் 278 பேரிடம் நடந்த ஆய்வில், யூரியா மிக அதிகமாகியும் இன்னும் தள்ளிப்போட்டதால் எந்த நன்மையும் கிடைக்கவில்லை. கெடுதல் இருக்கலாம் என்ற அறிகுறியும் தெரிந்தது.

ஆக, இன்றைய நடைமுறை இதுதான்: அவசரக் காரணம் இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. இல்லாவிட்டால் நெருக்கமாகக் கவனித்துக் காத்திருக்கலாம். "இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்த்து முடிவு பண்ணலாம்" என்று நெஃப்ராலஜிஸ்ட் சொன்னால், அது அலட்சியம் என்று நினைக்க வேண்டியதில்லை. அந்தக் காத்திருப்பும் சிகிச்சையில் சேர்ந்ததே. பொட்டாசியம், ரத்தத்தின் அமிலத்தன்மை, நீரின் அளவு ஆகியவை மீண்டும் மீண்டும் பார்க்கப்படுகின்றனவா என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மெஷின் என்ன செய்கிறது?

முதலில் கழுத்திலோ தொடை இடுக்கிலோ உள்ள பெரிய சிரையில் இரட்டைக் குழாய் ஒன்று போடப்படும். வலது கழுத்துதான் முதல் தேர்வு, ஏனென்றால் அங்கிருந்து இதயத்துக்கு நேர் வழி. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே, அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து போடுவார்கள். ரெகுலராக டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் கையில் ஆபரேஷன் செய்து உருவாக்கும் ஃபிஸ்டுலா இங்கே தேவையில்லை. அது பக்குவமாக வாரக்கணக்கில் ஆகும். இந்தக் குழாய் தற்காலிகமானது.

குழாயின் ஒரு வழியில் ரத்தம் வெளியே வரும். ஃபில்டருக்குள் போகும். சுத்தமாகி இன்னொரு வழியில் உடலுக்குத் திரும்பும். எந்த நேரத்திலும் வெளியே இருப்பது சுமார் 150 முதல் 200 மில்லி ரத்தம்தான், கிட்டத்தட்ட ஒரு டம்ளர் அளவு. "உடம்புல இருக்கிற ரத்தத்தையே மொத்தமா எடுத்துடுவாங்க" என்ற பயத்தில் உண்மை இல்லை.

ஃபில்டருக்குள் முடியைப்போல் மெல்லிய ஆயிரக்கணக்கான குழல்கள் இருக்கும். அவற்றின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். உள்ளே ரத்தம், வெளியே சுத்தமான திரவம். யூரியா, பொட்டாசியம் போன்ற சிறிய பொருட்கள் அதிகம் உள்ள பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குத் தானாகவே நகரும். ரத்த அணுக்களும் புரதமும் பெரியவை என்பதால் உள்ளேயே நிற்கும். கூடவே அழுத்தத்தின் மூலம் அதிகப்படியான நீரும் வெளியே எடுக்கப்படும்.

நான்கு வகை, எது சிறந்தது?

முதல் வகை, எல்லோருக்கும் தெரிந்த சாதாரண ஹீமோடயாலிசிஸ். சுமார் 4 மணி நேரத்தில் முடியும். வேகமானது. பொட்டாசியம் எகிறியவருக்கும், மெத்தனால் போன்ற விஷத்துக்கும் இந்த வேகம் உதவும். ஆனால் ஒரு நாளைக்குத் தேங்கும் நீரை 4 மணி நேரத்தில் எடுப்பதால், ஏற்கெனவே ரத்த அழுத்தம் குறைவாக உள்ளவருக்கு அது மேலும் விழலாம்.

இரண்டாவது, சிஆர்ஆர்டி எனப்படும் 24 மணி நேர டயாலிசிஸ். ஐ.சி.யூ-வுக்கென்றே உள்ள மெஷினில், மெதுவாக, இரவு பகலாக நடக்கும். ரத்த அழுத்தத்துக்கு மருந்து ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு இது அதிகம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. மூளையில் வீக்கம் உள்ளவர்களுக்கும் இதுவே பாதுகாப்பானது. ஏனென்றால் யூரியா வேகமாக இறங்கினால் மூளை வீக்கம் கூடலாம்.

மூன்றாவது, ஸ்லெட். சாதாரண டயாலிசிஸ் மெஷினையே மெதுவாக 6 முதல் 12 மணி நேரம் ஓட்டுவது. முதல் இரண்டுக்கும் நடுவே உள்ள வழி. தனி மெஷினோ, விலை கூடிய திரவப் பைகளோ தேவையில்லை என்பதால் இந்தியாவில் பல ஐ.சி.யூ-க்களில் இது புழக்கத்தில் இருக்கிறது.

நான்காவது, வயிற்று வழி டயாலிசிஸ். வயிற்றுக்குள் குழாய் வழியாகத் திரவத்தை விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுப்பது. வயிற்றின் உள் சவ்வே ஃபில்டர் ஆகிறது. மின்சாரமோ மெஷினோ இல்லாமலும் செய்யலாம். குழந்தைகளுக்கு இது அதிகம் பயன்படுகிறது. 2020-ல் கொரோனா அலையில் நியூயார்க் மருத்துவமனைகளில் மெஷின்களும் ஆட்களும் போதாமல் போனபோது, பெரியவர்களுக்கும் இந்தப் பழைய முறை திரும்ப வந்தது.

"24 மணி நேர மெஷின்தான் பெஸ்ட்டாமே, காசு போனாலும் பரவாயில்ல" என்று கடன் வாங்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. 2006-ல் பிரான்ஸில் 360 பேரிடம் நடந்த ஆய்வில், சாதாரண ஹீமோடயாலிசிஸ் செய்தவர்களும் 24 மணி நேர முறையில் செய்தவர்களும் பிழைத்த விகிதத்தில் வித்தியாசம் இல்லை. 2012-ல் ஜெர்மனியில் 232 பேரிடம் மெதுவான நீண்ட டயாலிசிஸை 24 மணி நேர முறையோடு ஒப்பிட்டபோதும் உயிரிழப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

அதனால் விலை கூடியது என்பதாலேயே அது உயிரைக் காக்கும் என்று அர்த்தமில்லை. இந்த நோயாளிக்கு, இந்த ரத்த அழுத்தத்தில், இந்த மருத்துவமனை நன்றாகச் செய்யக்கூடிய முறை எது என்பதே சரியான கேள்வி.

அதிகமாகச் செய்தால் அதிகப் பலனா?

இதற்கும் பதில் 'இல்லை'தான். 2008-ல் அமெரிக்காவில் 1,124 பேரிடமும், 2009-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 1,508 பேரிடமும் இது சோதிக்கப்பட்டது. டயாலிசிஸின் அளவைக் கூட்டியவர்களும் வழக்கமான அளவில் செய்தவர்களும் ஒரே விகிதத்தில்தான் பிழைத்தார்கள். ஆஸ்திரேலிய ஆய்வில் இரு பிரிவிலும் 90 நாள் உயிரிழப்பு 44.7 சதவீதம்.

24 மணி நேர முறையில் இன்றைய பரிந்துரை, ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 20 முதல் 25 மில்லி. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 30 முதல் 36 லிட்டர் திரவம் ஃபில்டரைக் கடந்து வெளியேறும்.

என்னென்ன ஆபத்துகள்?

மெஷின் கிட்னியின் வேலையைச் செய்கிறது. ஆனால் அது கிட்னி அல்ல. இந்தச் சிக்கல்கள் வரலாம்:

ரத்த அழுத்தம் விழுவது: இதுவே அதிகம் நடப்பது. நீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்தும், மருந்தைக் கூட்டியும் சமாளிப்பார்கள்.

ரத்தம் உறைவது: உடலுக்கு வெளியே வந்த ரத்தம் ஃபில்டரில் உறைந்துவிடலாம். அப்போது ஃபில்டரையே மாற்ற வேண்டிவரும். இதைத் தடுக்க ஹெப்பாரின் கொடுத்தால் ரத்தக் கசிவு அபாயம். அதனால் 24 மணி நேர முறையில் சிட்ரேட் என்ற மருந்து பயன்படுகிறது. அது மெஷினுக்குள் மட்டும் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும். உடலுக்குள் போகும் முன் கால்சியம் கொடுத்துச் சரிசெய்வார்கள்.

தொற்று: குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி நுழைய வாய்ப்பு உண்டு. தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிட வேண்டும்.

மருந்தும் சேர்ந்து வெளியேறுவது: சில ஆன்டிபயாடிக் மருந்துகள் கழிவோடு சேர்ந்து போய்விடும். செப்சிஸுக்கு அந்த மருந்துதான் உயிர் என்பதால், அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுப்பது மிக முக்கியம். பாஸ்பேட், வைட்டமின், புரதச் சத்தும் இழப்பாகும்.

உடல் குளிர்வது: ரத்தம் வெளியே சுற்றி வருவதால் உடல் வெப்பம் குறையும். இதனால் காய்ச்சல் இருந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம்.

தொடங்கியதே இப்படிப்பட்ட நோயாளிகளுக்காகத்தான்

டயாலிசிஸ் என்றால் ஆயுள்கால சிகிச்சை என்ற எண்ணம் பின்னால் வந்தது. இது முதலில் உருவானதே திடீரெனக் கிட்னி நின்றவர்களுக்காக.

நெதர்லாந்தின் காம்பன் நகரில், நாஜிக்களின் ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருந்த 1943-ல், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் முதல் மெஷினை உருவாக்கினார். மர உருளையில் சுற்றிய செல்லோஃபேன் குழாய்தான் ஃபில்டர். இறைச்சித் தயாரிப்பில் பயன்படும் உறை அது. தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களை அவரால் காப்பாற்ற முடியவில்லை. 1945-ல் கோமாவில் கொண்டுவரப்பட்ட 67 வயதுப் பெண் ஒருவர் டயாலிசிஸுக்குப் பிறகு கண் விழித்தார். கிட்னி மீண்டு, மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஆயுள்கால டயாலிசிஸ் சாத்தியமானது 1960-ல்தான். திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்க வசதியாகக் கையிலேயே விட்டுவைக்கும் குழாயை அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் உருவாக்கிய பிறகு அது நடந்தது.

24 மணி நேர முறை 1977-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பிறந்தது. சிரையில் போட வேண்டிய குழாய் தவறுதலாகத் தமனிக்குள் போய்விட, நோயாளியின் சொந்த ரத்த அழுத்தமே ஃபில்டரை ஓட்டப் போதுமே என்று பீட்டர் கிராமர் யோசித்ததன் விளைவு அது. இன்றைய மெஷின்களில் அந்த வேலையை பம்ப் செய்கிறது.

ஒருமுறை செய்தால் எப்போதும் செய்ய வேண்டுமா?

இல்லை. பெரும்பாலானோருக்கு இதுதான் நேரடிப் பதில்.

மேலே சொன்ன 15 நாட்டு ஆய்விலேயே, உயிர் பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அல்லது அதற்கும் மேல் 90 நாட்களுக்குள் டயாலிசிஸ் இல்லாத நிலைக்கு வந்தார்கள். டயாலிசிஸ் செய்ததால் கிட்னி 'பழகிப்போய்' வேலையை நிறுத்திவிடும் என்பது தவறான நம்பிக்கை. ஆயுள் முழுக்கத் தேவைப்படுபவர்களுக்கு, ஏற்கெனவே கிட்னி நோய் இருந்தது அல்லது இந்தமுறை வந்த பாதிப்பு மிகக் கடுமையானது என்பதே பெரும்பாலும் காரணம்.

மீண்டு வருவதற்கான முதல் அடையாளம் யூரின் பையில்தான் தெரியும். ஊசி இல்லாமலே நாளொன்றுக்குச் சுமார் 400 மில்லிக்கு மேல் சிறுநீர் பிரிந்தால், டயாலிசிஸை நிறுத்திப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை வரும். அடுத்து, டயாலிசிஸ் இல்லாத நாளில் கிரியேட்டினின் ஏறாமல் நிற்கிறதா, தானாக இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். சிலருக்கு இது ஒரு வாரத்தில் நடக்கும். சிலருக்கு ஒன்றிரண்டு மாதம் ஆகும்.

ஆனால் இதில் மறைக்கக்கூடாத பாதி ஒன்று உண்டு. இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் பிழைக்கவில்லை. பெரும்பாலும் அவர்களின் உயிரைப் பறித்தது கிட்னியோ டயாலிசிஸோ அல்ல. கிட்னியை நிறுத்திய அதே செப்சிஸ், அதே இதய நோய், அதே கல்லீரல் நோய்தான். "டயாலிசிஸ் பண்ணதாலதான் போயிட்டாங்க" என்ற பேச்சு பிறப்பது இங்கிருந்துதான். மிக மோசமான நிலையில் இருப்பவர்களுக்கே இது செய்யப்படுகிறது என்பது அந்தப் பேச்சில் விடுபட்டுப்போகிறது.

டயாலிசிஸ் கிட்னியைக் குணப்படுத்துவதில்லை. மூல நோய் சரியாகும் வரை உடலுக்கு நேரம் வாங்கித் தருகிறது. மூல நோய் சரியாகாது என்று தெரிந்த நிலையில், அந்த நேரம் நோயாளிக்கு வேதனையை மட்டுமே நீட்டிக்கலாம். முற்றிய புற்றுநோய் உள்ளவருக்கோ, மிகவும் தளர்ந்துபோன முதியவருக்கோ, டயாலிசிஸ் வேண்டாம் என்று முடிவெடுப்பதும் ஏற்கத்தக்கதே. அது கைவிடுவது ஆகாது. வலியும் மூச்சுத் திணறலும் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் சிகிச்சை தொடரும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. "மூணு நாள் செய்து பார்ப்போம், முன்னேற்றம் இருக்கான்னு பார்த்துட்டு மறுபடி உட்கார்ந்து பேசுவோம்" என்று நாள் குறித்துத் தொடங்குவது. எந்த முடிவும் தெளிவாக இல்லாதபோது பல மருத்துவர்கள் இதைத்தான் முன்வைக்கிறார்கள்.

கையெழுத்து போடும் முன் என்ன கேட்கலாம்?

ஐ.சி.யூ-வில் பேசக் கிடைப்பது ஐந்து, பத்து நிமிடம்தான். இந்தக் கேள்விகளை மொபைலில் எழுதிவைத்துக்கொண்டு போகலாம்:

1. இப்போது டயாலிசிஸ் செய்ய முக்கியக் காரணம் என்ன? பொட்டாசியமா, அமிலமா, நுரையீரலில் நீரா?

2. இன்றே செய்தாக வேண்டுமா, காத்திருக்க இடம் இருக்கிறதா? காத்திருந்தால் எதைக் கவனிப்பீர்கள்?

3. எந்த முறை? ஏன் அது?

4. இதற்கு முன் கிட்னி எப்படி இருந்தது? (பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் உடனே கொண்டுவந்து கொடுங்கள். பழைய கிரியேட்டினின் எண் மருத்துவருக்கு மிகவும் உதவும்.)

5. மூல நோய் எந்தப் பக்கம் போகிறது? மீண்டு வர வாய்ப்பு எப்படி?

6. எத்தனை நாள் கழித்து மறுபடி பேசி முடிவெடுக்கலாம்?

7. ஒரு நாளைக்குச் செலவு எவ்வளவு? காப்பீட்டில் எது அடங்கும்?

கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு உதவி மையத்தில் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. நோயாளி சாப்பிட்டுவந்த மாத்திரைகள், நாட்டு மருந்து, லேகியம் உட்பட எதையும் மறைக்காமல் சொல்வதும் அவசியம்.

வீட்டுக்கு வந்த பிறகு

கிட்னி மீண்டு, குழாயை எடுத்து, நடந்தே வீட்டுக்கு வந்தவர்களும் "எல்லாம் சரியாயிடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது. ஒருமுறை இப்படி அடி வாங்கிய கிட்னிக்குப் பின்னாளில் நாள்பட்ட நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

மருத்துவர் சொன்ன தேதியில் கிரியேட்டினினும், சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையும் செய்ய வேண்டும். எப்படியும் மூன்றாவது மாதத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும். மூட்டு வலி, தலைவலி என்று டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூடாது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து உடலில் நீர் குறைந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்கேனுக்கு முன் ஊசி போடுவதாக இருந்தால், எந்த மருத்துவமனையானாலும் "எனக்கு முன்னாடி கிட்னி பிரச்சனை வந்து டயாலிசிஸ் பண்ணாங்க" என்று சொல்லிவிட வேண்டும்.

ஐ.சி.யூ-வில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் அதிகபட்ச கிரியேட்டினின் எவ்வளவு, எத்தனை முறை டயாலிசிஸ் நடந்தது, வீட்டுக்குப் போகும்போது கிரியேட்டினின் எவ்வளவு என்ற விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் காட்ட வேண்டியது அதுதான்.